மாறாமலே பழுதாகும் இயந்திரம்

ஏர்வாடியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல்பக்கம் திரும்பினால், சீமைக் கருவேலம் விலகியதும் வெளி திறந்துகொள்ளும். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள். வாலிநோக்கம் உப்பளம். 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் இந்தக் கரையை நம்பித்தான் பிழைக்கிறது. ரேஷன் கடையில் நாம் வாங்கும் 'அரசு' உப்பு அந்த நிறுவனத்துடையது. 2022 முதல் 'நெய்தல்' என்ற பெயரிலும் விற்கிறார்கள்.

நான் போனது தை மாதத் தொடக்கம். உப்பு ஒரு கல்கூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. பாத்திக்குள் ஆட்கள் வரிசையாக நின்று தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கரைந்துபோன வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"என்னங்கய்யா, இன்னும் உப்பு விளையலையா?"

"இப்பத்தான தண்ணி வடிஞ்சிருக்கு தம்பி. மிதிச்சுத் தரைய இறுக்கணும். மிதிக்காம விட்டா உப்போட சேறும் சேந்து வரும். யாரு வாங்குவா?"

"வருசா வருசம் இதே வேலையா?"

"வருசா வருசம் உப்பு வேணுமில்ல?"

இந்த ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், பம்புசெட்டின் நட்டு என்று எதைத் தொட்டாலும் விரலில் செம்பழுப்பு ஒட்டும். உப்புக்காற்று தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் எண்ணெய் போடலாம், மாற்றலாம். இப்படிக் கண்ணால் பார்க்க முடியாத இயந்திரமும் உண்டு. இங்கிருந்து போன உப்புப் பொட்டலத்துக்கு ரேஷன் கடையில் பில் போடுகிறார்கள். அந்தக் கையடக்க மெஷின் எங்கோ உள்ள ஒரு சர்வரிடம் கேட்டுக்கொண்டுதான் ரசீதைத் துப்புகிறது. இப்படிப்பட்ட வேலைகளைச் செய்யும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று உடம்பே கிடையாது. ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் கட்டிய கணினிகள் அவை. மெய்நிகர் கணினி என்று நூல்களில் எழுதுகிறோம்; சர்வர் அறையில் இருப்பவர்கள் 'வி.எம்.' என்கிறார்கள். அதற்குத் துரு பிடிக்காது, தூசி படியாது, மின்விசிறி நிற்காது. ஆனாலும் அதற்கும் ஆண்டு முழுக்க யாராவது எதையாவது 'அப்டேட்' செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரும்பே இல்லாத இயந்திரம் எப்படிப் பழுதாகிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

ஒரு பெட்டி, பல கணினிகள்

உப்பளம் மேலிருந்து பார்த்தால் ஒரே தட்டையான நிலம். மண் வரப்புதான் அதைப் பல பாத்திகளாக ஆக்குகிறது. ஒரு பாத்தியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி அடர்த்தியில் நிற்கும். அடுத்தடுத்த பாத்திகளில் வெயில் அதை ஏற்றிக்கொண்டே போகும். 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வேறு வேறு தண்ணீர். வரப்பு உடையாத வரை ஒன்றின் கதை மற்றதுக்குத் தெரியாது.

கணினியை இப்படிப் பாத்தி கட்டும் யோசனை பழையது. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ஐ.பி.எம். கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 'சி.பி.-40' என்ற அமைப்பை ஓட்டியது. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஒரே கணினி, 14 தனிக் கணினிகள்போல நடந்துகொண்டது. 1972-இல் ஐ.பி.எம். இதை 'வி.எம்./370' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1974-இல், வாலிநோக்கத்தின் உப்பு நிறுவனம் பிறந்த அதே ஆண்டில், ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைக் கட்ட என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்பதைக் கணித முறையில் எழுதிக் காட்டினார்கள்.

நிபந்தனை மூன்று. உள்ளே ஓடும் நிரலுக்குத் தான் நிஜக் கணினியில் ஓடுவதாகவே தோன்ற வேண்டும். நினைவகம், வட்டு, நேரம் ஆகிய எல்லா வளமும் மேற்பார்வை செய்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடைத்தரகு இல்லாமல் நேரே செயலியில் ஓட வேண்டும்; இல்லாவிட்டால் ஆமை வேகம்தான்.

இந்த மேற்பார்வையாளருக்குப் பெயர் 'ஹைப்பர்வைசர்'. அது ஓடும் பெரிய கணினி 'ஹோஸ்ட்'. உள்ளே குடியிருக்கும் ஒவ்வொன்றும் 'கெஸ்ட்'. கெஸ்ட் கூட்டல் கழித்தல் செய்யும்போது ஹைப்பர்வைசர் தலையிடுவதில்லை. வன்பொருளைத் தொடும் கட்டளை ஏதாவது வந்தால் மட்டும் செயலி சட்டென்று நின்று, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் கொடுக்கும். அது அந்த வேலையைத் தானே பாதுகாப்பாகச் செய்துவிட்டு, "முடிந்தது, மேலே போ" என்று கெஸ்ட்டை எழுப்பிவிடும். கெஸ்ட் தன்னுடையது என்று நினைக்கும் வன்வட்டு, பெரும்பாலும் ஹோஸ்ட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு.

1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் இதைச் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. 2005-இலிருந்து இன்டெல்லும், அடுத்த ஆண்டு ஏ.எம்.டி.யும் செயலிக்குள்ளேயே இதற்கு வசதி வைத்தன. 2007-இல் 'கே.வி.எம்.' என்ற பகுதி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. அதற்குப் பிறகு பாத்தி கட்டாத சர்வர் அறையைக் காண்பது அரிதாகிவிட்டது.

துரு எங்கே பிடிக்கிறது?

ஒரு மென்பொருளை இன்று வட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தால் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அதன் ஆபத்தே அதுதான். மென்பொருள் அப்படியே இருக்கும். அதைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது மட்டும் கூடிக்கொண்டே போகும். வேலியில் ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியாதவரை அது வெறும் குறை. தெரிந்த நாளிலிருந்து அது வழி.

ஓட்டையை அடைக்கும் திருத்தத்துக்குப் பெயர் 'பேட்ச்'. அது வெளியாவது ஒரு வகையில் அந்த ஓட்டையின் முகவரி வெளியாவது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நேற்று வரை அங்கே என்ன தப்பு இருந்தது என்பதை அனுபவம் உள்ளவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பேட்ச் வந்த நிமிடத்திலிருந்து ஒரு பந்தயம் தொடங்குகிறது. போடுகிறவர் ஒரு பக்கம். போடாதவரைத் தேடுகிறவர் மறுபக்கம்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டைக்குப் பேட்ச் வெளியிட்டது. மே 12 அன்று 'வான்னாக்ரை' வந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் மாட்டின. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நம்மூர் உதாரணம் ஒன்றும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் 'மேனேஜ்எஞ்சின்' பிரிவு, உலகெங்கும் உள்ள கணினிகளுக்குப் பேட்ச் போட்டு நிர்வகிக்கும் மென்பொருளையே விற்கிறது. அதன் பல தயாரிப்புகளில் இருந்த ஓர் ஓட்டையை 2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த நிறுவனம் அடைத்து அப்டேட் கொடுத்தது. சிக்கல், கையொப்பம் சரிபார்க்க வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த 'அப்பாச்சி சாந்துவாரியோ' என்ற திறமூல நூலகத்தின் பழைய பதிப்பு. 2023 ஜனவரியில் அந்த ஓட்டை வழியே தாக்குதல்கள் தொடங்கின. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். பேட்ச் போடும் கருவிக்கும் பேட்ச் வேண்டும் என்பது ஒரு பாடம். நீங்கள் எழுதாத வரியும் உங்கள் வீட்டில் பழசாகிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று.

இந்தச் சங்கிலி எத்தனை கண்ணிகள் கொண்டது என்பதற்கு 'பாஸ்' லினக்ஸைப் பாருங்கள். சென்னை சி-டாக் உருவாக்கும் இந்த இயங்குதளம் டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. எங்கோ ஒருவர் ஒரு நூலகத்தில் பிழை திருத்துகிறார். அந்தத் திருத்தம் டெபியனுக்கு வந்து, பாஸுக்கு வந்து, அதன் பிறகு ஓர் அலுவலக சர்வருக்கு வர வேண்டும். கடைசிக் கண்ணி எப்போதும் மனிதர்தான்: "போடலாமா?" என்ற கேள்விக்கு "ம்" என்று விசையைத் தட்ட வேண்டியவர்.

வரப்புக்கும் வயது உண்டு

உப்பள வரப்பு வெறும் மண். மெய்நிகர் கணினிகளுக்கு நடுவே உள்ள வரப்பு, பல லட்சம் வரி நிரல். எனவே வரப்பிலும் ஓட்டை இருக்கலாம்.

2015 மே மாதம் ஜேசன் கெஃப்னர் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். 'வெனம்' என்று பெயர் வைத்தார். கே.வி.எம்.முக்குத் துணையாக இருந்து, கெஸ்ட்டுக்குப் போலி வன்பொருளைக் காட்டும் 'கியூஎமு' என்ற நிரலில் அது இருந்தது. எந்த வன்பொருள் என்றால், ஃபிளாப்பி டிரைவ்! 2015-இல் ஃபிளாப்பி வைத்திருந்தவர் யார்? ஆனால் போலி ஃபிளாப்பியை இயக்கும் நிரல் 2004 முதல் அங்கேயே கிடந்தது. ஃபிளாப்பியே வேண்டாம் என்று அமைத்திருந்தாலும் அந்த நிரல்பகுதி விழித்துக்கொண்டே இருந்தது. ஒரு கெஸ்ட்டுக்குள் நிர்வாகி அதிகாரம் பெற்றவர், அந்தப் பரண்மேல் கிடந்த ஃபிளாப்பி வழியே வரப்பைத் தாண்டி ஹோஸ்ட்டுக்குள் போக முடியும்.

2018 ஜனவரி 3 அன்று வெளியான 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுன்' என்ற ஓட்டைகள் இன்னும் கீழே இறங்கின. அவை மென்பொருளின் பிழைகளே அல்ல. வேகத்துக்காகச் செயலி அடுத்து வரப்போகும் கட்டளையை ஊகித்து முன்கூட்டியே செய்து பார்க்கிறது. ஊகம் தப்பினால் அழித்துவிடுகிறது. ஆனால் அழித்த இடத்தில் தடம் மிஞ்சுகிறது. கூகுளின் யான் ஹார்ன், கே.வி.எம். கெஸ்ட் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு ஹோஸ்ட்டின் நினைவகத்தை நொடிக்கு சுமார் 1,500 பைட் வேகத்தில் படித்துக் காட்டினார். வரப்பு உடையவில்லை, ஈரம் கசிந்தது.

மிக விலை கொடுத்த பாடம் 2023 பிப்ரவரியில் வந்தது. வி.எம்.வேரின் 'ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.' என்ற ஹைப்பர்வைசரைக் குறிவைத்து உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹோஸ்ட்களைத் தாக்கினார்கள். அதற்கு வழிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு! தாக்கியவர்கள் எந்த கெஸ்ட்டுக்குள்ளும் நுழையவில்லை. கெஸ்ட்களின் வட்டுக் கோப்புகள் ஹோஸ்ட்டில்தானே கிடக்கின்றன? அவற்றை வெளியிலிருந்தே பூட்டினார்கள். உள்ளே ஒவ்வொரு வி.எம்.மையும் வாராவாரம் ஒழுங்காக அப்டேட் செய்தவரும் அன்றைக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இழந்தார். பாத்திக்குப் பாத்தி மிதித்து வைத்தவர், கடல்பக்கக் கரையைப் பார்க்கவில்லை.

வலையமைப்புக்கும் வரப்பு வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பல நாட்கள் சீட்டும் பேனாவுமாக மருத்துவம் நடந்தது. வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது.

உள்ளே எழுப்பினால் போதாது

இங்கேதான் கைதேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். அப்டேட் என்பது வட்டில் நடக்கிறது. நிரல் ஓடுவது நினைவகத்தில். இரண்டும் வேறு.

லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஒரு நூலகத்தைப் புதுப்பித்தால் வட்டில் புதுக் கோப்பு வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், பழைய கோப்பைக் கையில் பிடித்தபடியே ஓடும். வட்டில் அந்தக் கோப்புக்குப் பெயர்கூட இல்லாமல் போயிருக்கும். நினைவகத்தில் அதன் ஓட்டை உயிரோடு இருக்கும். அந்தச் சேவையை நிறுத்தி எழுப்பினால்தான் புதியது உள்ளே வரும். கர்னலைப் புதுப்பித்தால் முழுக் கணினியையும் ரீபூட் செய்ய வேண்டும். 'எங்கள் சர்வர் 1,000 நாளாக நிற்கவே இல்லை' என்று பெருமையாகச் சொன்ன ஓர் அலுவலகம் எனக்குத் தெரியும். 1,000 நாள் பழைய கர்னல் அங்கே ஓடுகிறது என்பதும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள்.

மெய்நிகர் கணினியில் இந்தச் சிக்கல் ஒரு மாடி உயர்கிறது. ஹோஸ்ட்டின் கண்ணில் ஒவ்வொரு கெஸ்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அவ்வளவுதான். ஹோஸ்ட்டில் கியூஎமுவைப் புதுப்பிக்கிறீர்கள். பிறகு கெஸ்ட்டுக்குள் போய் 'ரீபூட்' தட்டுகிறீர்கள். கெஸ்ட் தூங்கி எழுகிறது. ஆனால் அதைச் சுமந்து நிற்கும் நிரல் சாகவில்லை. பழைய கியூஎமுவே தொடர்கிறது. வீட்டுக்குள் படுத்து எழுந்தால் வீடு புதிதாகாது. கெஸ்ட்டை முழுதாக அணைத்து, ஹோஸ்ட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். வெனம் பேட்ச் போட்ட பிறகும் ஓட்டை மிஞ்சக்கூடியது இப்படித்தான்.

ஸ்பெக்டருக்கு இன்னும் நீண்ட வரிசை. முதலில் செயலியின் உள்நிரலான மைக்ரோகோடு. அடுத்து ஹோஸ்ட்டின் கர்னல். அடுத்து, செயலிக்கு வந்திருக்கும் புதிய தற்காப்பு வசதியைக் கெஸ்ட்டுக்கு எடுத்துச் சொல்லும் கியூஎமு. பிறகு கெஸ்ட்டின் கர்னல். கடைசியாகக் கெஸ்ட்டை அணைத்துத் திரும்ப எழுப்புவது. நடுவில் ஒரு படி விட்டுப்போனாலும் மேலே செய்ததற்குப் பலன் முழுதாகக் கிடைக்காது. உப்பளத்திலும் 25 டிகிரிக்கு முன்னால் தண்ணீரை உப்புப் பாத்திக்குத் திறந்துவிட்டால், சுண்ணமும் ஜிப்சமும் சேர்ந்து படியும்.

மூடிக் கிடக்கும் பாத்திகள்

இரும்புக் கணினி மூலையில் கிடந்தால் கால் இடறும், யாராவது "இது எதுக்கு?" என்று கேட்பார்கள். மெய்நிகர் கணினி யார் காலையும் இடறாது. இரண்டு நிமிடத்தில் ஒன்றை உருவாக்கலாம் என்பதால் உருவாக்கிக்கொண்டே போகிறோம். ஒரு தேர்வுக்காக, ஒரு சோதனைக்காக, போய்விட்ட ஓர் ஊழியருக்காக. வேலை முடிந்ததும் அணைத்துவைக்கிறோம்.

அணைந்து கிடக்கும் வி.எம்.முக்கு அப்டேட் போகாது. அது தன் கடைசி நாளில் உறைந்து கிடக்கும். ஓர் ஆண்டு கழித்து யாரோ அவசரத்துக்கு எழுப்பினால், ஓராண்டுப் பழைய ஓட்டைகளோடு வலையமைப்புக்குள் எழுந்து நிற்கும். 'டெம்ப்ளேட்' என்னும் மூலப்படிமம் அதைவிட மோசம். அது ஒரே ஒரு நோயாளி இல்லை. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நோயைக் கொடுக்கும் தாய். மாதம் ஒருமுறை டெம்ப்ளேட்டை எழுப்பி, அப்டேட் செய்து, திரும்ப மூடிவைக்கும் பழக்கம் உள்ள இடங்களில் புதுக் கணினிகள் சுத்தமாகவே பிறக்கின்றன.

ஸ்னாப்ஷாட் என்ற வசதியும் இப்படி இருமுனைக் கத்தி. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால், அந்த நொடியிலிருந்து நடக்கும் மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பில் எழுதப்படும். ஏதாவது கெட்டுப்போனால் அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய நொடிக்குத் திரும்பலாம். இவ்வளவு நல்ல வசதியைப் பேக்கப் என்று நினைத்துவிடுகிறார்கள். மூலக் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும், ஏனென்றால் அதில் இருப்பது வித்தியாசம் மட்டும். அழிக்க மறந்தால் அது மாதக்கணக்கில் வளர்ந்து வட்டை நிரப்பும். நிரம்பிய வட்டில் இருக்கும் மற்ற வி.எம்.களும் மூச்சுமுட்டும். அப்டேட் போட்டுப் பத்து நாள் கழித்து வேறு காரணத்துக்காகப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அடைத்த ஓட்டை சத்தமில்லாமல் திரும்ப வந்துவிடும். கெஸ்ட்டின் கடிகாரமும் பின்னே போயிருக்கலாம். பல அடையாளச் சோதனை முறைகள் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது.

ஓட்டத்தை நிறுத்தாமல்

உப்பளத்துக்கு மழைக்காலம் என்று ஓர் ஓய்வு உண்டு. ரேஷன் பில்லுக்கும், வங்கிக்கும், புயல் எச்சரிக்கைக்கும் அப்படி ஒரு கார்த்திகை கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையம், 2007 அக்டோபரிலிருந்து இந்தியாவின் சுனாமி எச்சரிக்கையைக் கவனிக்கிறது. வாலிநோக்கத்து மீனவருக்குக் கடல் எப்படி இருக்கும், சொல்லாமல் எழும் பேரலையான கள்ளக்கடல் வருமா என்று சொல்வதும் அதே மையம். இத்தகைய இடங்களில் 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று பலகை மாட்ட முடியாது.

இதற்குக் கணினியியல் கண்டுபிடித்த விடை ஓடும் கெஸ்ட்டையே வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றுவது. கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகம் முழுவதையும் வலையமைப்பு வழியே புது ஹோஸ்ட்டுக்கு நகலெடுக்கிறார்கள். எடுத்து முடிப்பதற்குள் கெஸ்ட் சில பக்கங்களை மாற்றியிருக்கும். மாறிய பக்கங்களை மட்டும் இன்னொரு சுற்று. அதற்குள் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும், இன்னொரு சுற்று. சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறையும். மிகச் சிறிதாகும்போது கெஸ்ட்டை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதையும் செயலியின் நிலையையும் அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பிவிடுவார்கள். 2005-இல் இந்த முறையை விளக்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, பலர் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு சர்வரையே இப்படி நகர்த்தியது. நின்ற நேரம் சுமார் 60 மில்லிநொடி. கண் இமைப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

நான்கு ஹோஸ்ட் இருக்கிறதா? ஒன்றிலிருப்பவர்களை மற்ற மூன்றுக்குக் குடியேற்றிவிட்டு, காலியானதை அப்டேட் செய்து, ரீபூட் செய்து, சரிபார்த்துத் திரும்பக் குடியேற்றலாம். பிறகு அடுத்தது. வந்து இறங்கும் கெஸ்ட், புது ஹோஸ்ட்டின் புதிய கியூஎமுவில்தான் எழுகிறது என்பதால் மேலே சொன்ன 'வீட்டுக்குள் படுத்து எழும்' சிக்கலும் தீர்கிறது. ஆனால் இது எல்லோராலும் எப்போதும் முடிவதில்லை. 2014-இல் ஸென் ஹைப்பர்வைசரில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அது ஊருக்குத் தெரியும் முன்பே அமேசான் தன் மேகக் கணினிகளில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை அவசரமாக ரீபூட் செய்தது. காரணத்தை அக்டோபர் 1 அன்று ஓட்டை வெளியானபோதுதான் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொண்டார்கள். ஓடும் கர்னலையே நிறுத்தாமல் தைக்கும் 'லைவ் பேட்ச்' முறையும் உண்டு. 2015-இல் வந்த லினக்ஸ் 4.0 கர்னலில் அதற்கான அடித்தளம் சேர்ந்தது. ஆனால் அது ஒட்டுப்போடுவது, புதுத்துணி இல்லை.

ஒரே ஒரு ஹோஸ்ட் வைத்திருக்கும் சிறிய கல்லூரிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ இந்த வித்தைகள் எதுவும் இல்லை. அவர்களுக்கு உரிய வழி எளியது: ஞாயிறு அதிகாலை, முன்கூட்டியே சொல்லி, பேக்கப் எடுத்து, எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்த்து, முதலில் முக்கியமில்லாத ஒரு கெஸ்ட்டுக்குப் போட்டு, பிறகு மற்றவற்றுக்கு, கடைசியாக ஹோஸ்ட்டுக்கு. ஹோஸ்ட் எழும்போது கெஸ்ட்கள் எந்த வரிசையில் எழ வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். தரவுத்தளம் எழும் முன்னே பில் போடும் மென்பொருள் எழுந்தால், அது கதவைத் தட்டித் தட்டிச் சோர்ந்து படுத்துவிடும்.

மருந்தே நோயானால்

இவ்வளவும் படித்த பிறகு, எல்லாவற்றையும் வந்த நொடியில் போட்டுவிடத் தோன்றும். 2024 ஜூலை 19-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய அப்டேட் கோப்பில் பிழை. தானாகவே வாங்கிக்கொண்ட சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மெய்நிகர் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்து பாருங்கள், 15 முறைகூட ஆகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது.

உடம்பில்லாத கணினிக்கு அன்று ஒரு சலுகையும் இருந்தது. எழாத வி.எம்.மின் வட்டைக் கழற்றி, நலமாக இருக்கும் இன்னொரு வி.எம்.மில் இரண்டாவது வட்டாகப் பூட்டி, பிழையான கோப்பை அழித்துவிட்டுத் திரும்ப மாட்ட முடிந்தது. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் போய்க் குனிய வேண்டியிருந்தது.

வான்னாக்ரை தாமதித்தவரைத் தண்டித்தது. கிரவுட்ஸ்ட்ரைக் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து உள்ள விடை வரிசை. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எல்லாம். வெளியே கதவு திறந்து நிற்கும் கணினிக்கு இன்றே. உள்ளறையில் இருப்பதற்கு இந்த வாரத்துக்குள்.

உடைக்க வேண்டிய கப்பல்

வாலிநோக்கத்தின் கரையில் ஒரு காலத்தில் பழைய கப்பல்களை இழுத்து வந்து உடைத்தார்கள். எவ்வளவு சாயம் பூசினாலும் கடலில் விடக் கூடாத வயது ஒன்று கப்பலுக்கு வரும். மென்பொருளுக்கும் வரும். ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யின் 6.5, 6.7 பதிப்புகளுக்குப் பொது ஆதரவு 2022 அக்டோபரில் முடிந்தது. 'சென்ட்ஓ.எஸ். 7' என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். அந்த நாளுக்குப் பிறகும் அவை ஓடும், நன்றாகவே ஓடும். புது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். அப்போது அப்டேட் இல்லை, குடியேற்றம். உள்ளே இருப்பதைப் புது இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். மெய்நிகர் கணினியை உடைக்க வெட்டுவிளக்கு வேண்டாம், மனத்துணிவு வேண்டும்.

அன்று மாலை வாலிநோக்கத்திலிருந்து கிளம்பும்போது பாதிப் பாத்திகள் மிதித்து முடித்திருந்தார்கள். இறுகிய தரை ஈரமாகப் பளபளத்தது. மிச்சப் பாத்திகளில் கால்தடம் படாத சேறு. பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, உப்பு வாருற வேலை எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் மிதித்த பாத்தியைக் காட்டினார். "இதுதான தம்பி ஆரம்பம்."